வாழைப்பழத் தோல், செம்பருத்தி, கண்மை: வீட்டில் இருப்பதை வைத்து ஷூ பாலிஷ் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிஷ் டப்பாவைத் திறக்கிறோம். உள்ளே கறுப்பு மெழுகு காய்ந்து, கோடைக் கண்மாய் போலப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மணி ஏழே முக்கால், எட்டு மணிக்கு பஸ். அந்த நேரத்தில்தான் வீட்டில் ஒருவர் "தேங்காய் எண்ணெய் தடவு" என்பார், இன்னொருவர் "வாழைப்பழத் தோலால் தேய்" என்பார். இதில் எது நிஜமாகவே வேலை செய்யும், எது ஷூவைக் கெடுக்கும் என்று பல வருடமாக நானே பழைய ஷூக்களில் போட்டுப் பார்த்து வருகிறேன். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே.

பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே, ஷூவுக்கும் அதே போலச் செய்தால் என்ன?

இந்தக் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, முக்கால்வாசித் தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பித்தளையில் நாம் செய்வது சுரண்டல். மேலே படிந்த கறுப்பைப் புளியின் அமிலம் கரைக்கிறது, அடியில் இருக்கும் உலோகம் தானாக மின்னுகிறது. தோலுக்கு அடியில் அப்படி மின்னும் சரக்கு எதுவும் கிடையாது. தோல் என்பது நார்களால் பின்னிய ஒரு பாய், அந்த நார்களுக்கு இடையில் கொழுப்பு இருப்பதால்தான் அது வளைகிறது. அதன் மேல் ஒரு மெல்லிய மெழுகுப் படலத்தைப் போட்டு, மேடு பள்ளம் தெரியாமல் சமப்படுத்தினால்தான் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பி வந்து பளபளப்பாகத் தெரியும். ஆக பித்தளையில் எடுக்கிறோம், தோலில் சேர்க்கிறோம்.

ஷூ பராமரிப்பில் மூன்று வேலைகள் இருக்கின்றன: அழுக்கை எடுப்பது, தோலுக்குக் கொழுப்பு கொடுப்பது, மெழுகு பூசுவது. வீட்டுப் பொருள் எதை எடுத்தாலும் "இது மூன்றில் எந்த வேலையைச் செய்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலானவை ஒன்றைத்தான் செய்யும், அதுவும் அரைகுறையாக.

வாழைப்பழத் தோல் நிஜமாகவே வேலை செய்யுமா?

ஐந்து நிமிடத்துக்குச் செய்யும். பழத்தோலின் உள்பக்கத்தில் ஈரமும் சர்க்கரையும் மிகக் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் உண்டு. ஷூவில் தேய்த்து, உடனே பழைய பனியன் துணியால் துடைத்தால் தூசி போய் ஒரு மெல்லிய பளபளப்பு வரும். அதில் பாதிக்கு மேல் ஈரத்துணியால் துடைத்திருந்தாலும் வந்திருக்கும். "வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, பாலிஷிலும் அதுதான்" என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. டப்பாவில் வரும் பாலிஷ் என்பது மெழுகு, அதை இளக்கி வைக்கும் டர்பன்டைன் போன்ற கரைப்பான், நிறம், இவ்வளவுதான். அந்தப் பளபளப்புக்கும் பொட்டாசியத்துக்கும் சம்பந்தமில்லை.

போட்டே ஆக வேண்டுமென்றால் உள்பக்கத்து நாரை முதலில் கரண்டியால் வழித்துவிடுங்கள். தேய்த்த பிறகு ஈரத்துணி, அதன் பிறகு காய்ந்த துணி. இந்த இரண்டாவது துடைப்பை விட்டால் தையலுக்குள் சர்க்கரை தங்கி, ராத்திரி ஷூ ஸ்டாண்டில் எறும்பு வரிசை கட்டும்.

செம்பருத்திப் பூவால் ஷூ பாலிஷ் போடுவார்கள் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆங்கிலத்தில் செம்பருத்திக்கு 'ஷூ ஃப்ளவர்' என்று இன்னொரு பெயர் உண்டு, நம் பள்ளித் தாவரவியல் வகுப்பிலும் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 'ஷூ பிளாக் பிளான்ட்' என்றும் சொல்வார்கள், அதாவது ஷூவைக் கறுப்பாக்கும் செடி. இந்தோனேசியாவில் இதன் பெயர் 'கெம்பாங் செபாத்து', செபாத்து என்றால் ஷூ. சிங்களத்தில் 'சபத்து மல்', அதுவும் ஷூப் பூதான். யாழ்ப்பாணத்தில் ஷூவைச் சொல்லும் 'சப்பாத்து' என்ற சொல்லும் போர்ச்சுகீசியரின் 'சப்பாத்து'வில் இருந்து வந்ததுதான். கடல் கடந்த இத்தனை ஊர்களில் ஒரு பூ ஷூவின் பெயரைச் சுமக்கிறது என்றால், அங்கெல்லாம் யாரோ அதை ஷூவில் தேய்த்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நான் செய்து பார்த்தது இப்படி. கொல்லையில் காலையில் பூத்த அடர் சிவப்பு ஒற்றை அடுக்குப் பூ ஐந்து. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் அடியிலுள்ள பச்சைக் காம்பையும் கிள்ளிப் போட்டுவிட்டு, இதழ்களை மட்டும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். முதலில் சிவப்பாக இருக்கும், கசக்கக் கசக்க வழவழவென்று ஒரு கூழ் வரும், கை ஊதாவாகிவிடும். தலைக்குச் சீயக்காயோடு செம்பருத்தி இலை அரைத்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும், அதேதான். கறுப்பு ஷூவின் முனையில் அதைத் தேய்த்து, பத்து நிமிடம் காயவிட்டு, துணியால் வேகமாகத் தேய்த்தேன். மெழுகு பாலிஷ் தரும் கண்ணாடி மினுமினுப்பு இல்லை. புதிதாக மொழுகிய சிமெண்ட் திண்ணையில் தெரியுமே ஒரு அடங்கிய பளபளப்பு, அது வந்தது. முனையில் வெளுத்துப்போயிருந்த சின்னச் சின்னக் கீறல்களும் கருமையாகி மறைந்துவிட்டன.

காரணம் இரண்டு. அந்தக் கொழகொழப்பு காய்ந்ததும் மெல்லிய படலமாகி மினுக்கம் கொடுக்கிறது. இதழிலுள்ள நிறமி ஊதா கலந்த கருமையாகத் தோலில் ஊறுகிறது. இதே நிறமியைத்தான் பள்ளி ஆய்வகத்தில் அமிலம், காரம் கண்டுபிடிக்கப் பயன்படுத்துவார்கள்: அமிலத்தில் அடர் சிவப்பு, காரத்தில் பச்சை.

குறை என்ன என்றால், எல்லாம் தண்ணீரில் கரைவது. ஒரு மழையில் நனைந்தால் போய்விடும், வெளிர் நிற சாக்ஸிலும் கறை ஏறலாம். பழுப்பு ஷூவில் கண்டிப்பாகப் போடாதீர்கள். ஒரு பழைய பழுப்புச் செருப்பின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன், அடிபட்டுக் கன்றிய தோல் போலத் திட்டாக நின்றது.

தேங்காய் எண்ணெய்?

வேண்டாம். இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். ஒரு கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில், வெளிர் பழுப்பு ஷூவில் அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெயைத் தடவினேன். முதலில் தொட்ட இடத்தில் எண்ணெய் அதிகமாக உறிஞ்சப்பட்டு, உள்ளங்கை அளவுக்குக் கரும்பழுப்புத் திட்டு விழுந்தது. மற்ற இடத்திலும் தடவிச் சமன் செய்யப் பார்த்தேன், முழு ஷூவும் இரண்டு நிழல் கறுத்ததுதான் மிச்சம், அந்தத் திட்டு இன்றைக்கும் தெரிகிறது. மண்டபத்து வாசல் தூசி முழுவதும் அதன் மேல்தான் ஒட்டியது.

எண்ணெய் தோலுக்கே ஆகாது என்று சொல்லவில்லை. பதனிடும்போதே தோலுக்கு எண்ணெய் ஏற்றுவது ஒரு தனிக் கட்டம். ஆனால் அது தோல் முழுவதும் சீராக ஊறும்படி தயாரித்த எண்ணெய். நாம் விரலால் தொட்டு வைப்பது அப்படி ஊறாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறைவது, அதனால் மார்கழிக் குளிரில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனால் அது வெள்ளையாகத் தலைகாட்டலாம். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் நாளாக ஆகச் சிக்கு வாடை பிடிக்கும்.

வேறு வழியே இல்லை, எண்ணெய்தான் போட வேண்டும் என்றால் விளக்கெண்ணெய். பழைய ஆட்கள் தோல் வாருக்கும் செருப்புக்கும் அதைத்தான் போட்டார்கள். கெட்டியானது, சீக்கிரம் சிக்கு பிடிக்காது. கறுப்பு அல்லது அடர் பழுப்பு ஷூவுக்கு மட்டும், துணியில் இரண்டே சொட்டு, ஷூவில் நேராக ஊற்றாமல்.

வாசலின் போடலாமா?

அவசரத்துக்கு வீட்டில் இருப்பதிலேயே ஆபத்துக் குறைந்தது இதுதான். பெட்ரோலியத்திலிருந்து எடுப்பதால் சிக்கு பிடிக்காது, பூசணத்துக்கும் உணவாகாது. ஒரு பட்டாணி அளவு ஒரு ஜோடிக்குப் போதும். பூசி, ஐந்து நிமிடம் விட்டு, கையில் பிசுபிசுப்பு ஒட்டாத வரை துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் தூசியை இழுக்கும். கண்ணாடி போல் மின்னும் பேட்டன்ட் தோல் ஷூவின் மேல் இருப்பது பிளாஸ்டிக் பூச்சு, அதில் எதுவும் ஊறாது, அங்கே வாசலின் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அடிக்கடி போட்டால் பிறகு மெழுகு பாலிஷ் ஒட்டாமல் வழுக்கும்.

கறுப்பு ஷூவில் கீறல். கண்மை வைக்கலாம் என்கிறார்களே?

வைக்கலாம், இதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டில் கண்மை எப்படிச் செய்வார்கள்? விளக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து, அதே விளக்கெண்ணெயோ நெய்யோ விட்டுக் குழைப்பார்கள். கறுப்பு பாலிஷுக்கு நிறம் கொடுப்பதும் இதே வகைக் கரிதான். ஆக வீட்டு மை என்பது மெழுகு சேராத பாலிஷ், கடையில் வாங்கும் மைக்குச்சியில் பெரும்பாலும் மெழுகும் இருக்கும். கீறல் மேல் குச்சியால் ஒரு கோடு இழுத்து, விரலால் அழுத்தித் தேய்த்து, மேலே வாசலினோ மெழுகோ ஒரு தொடு. மெழுகு மூடி இல்லாமல் விட்டால் பேன்ட் ஓரத்தில் அப்பிக்கொள்ளும்.

மார்க்கர் பேனா வேண்டாம். வெயிலில் பார்த்தால் அந்த இடம் மட்டும் ஊதாவாக மின்னும்.

எச்சில் தொட்டு பாலிஷ் போடுவது அருவருப்பாக இருக்கிறது. ராணுவத்தில் ஏன் செய்கிறார்கள்?

ராணுவம், போலீஸ், என்.சி.சி. அணிவகுப்பில் ஷூ முனையில் முகம் தெரிவது இந்த முறையால்தான். எச்சிலில் மந்திரம் எதுவும் இல்லை, அதில் 99 சதவீதம் தண்ணீர்தான். வேலை செய்வது தண்ணீர். மெழுகும் தண்ணீரும் சேராது என்பதால், துணியில் லேசாக ஈரம் இருந்தால் ஏற்கனவே போட்ட மெழுகு துணியோடு திரும்பி வராமல் தோலிலேயே தங்கிச் சமமாகும். மூடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டாலே போதும்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அவசரப்பட்டால் வராது. பனியன் துணியைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் இறுக்கமாகச் சுற்றி, மடிப்பில்லாமல் பின்னால் முறுக்கிப் பிடியுங்கள். மெழுகு பாலிஷை ஒரே ஒரு தொடு. ஷூ முனையில் ஐம்பது பைசா அளவு வட்டமாகத் தேய்த்தால் முதலில் மங்கலாகும். அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அழுத்தமே கொடுக்காமல் அதே வட்டத்தைச் சுற்றினால் மங்கல் விலகும். மறுபடி ஒரு தொடு மெழுகு, ஒரு சொட்டுத் தண்ணீர். ஏழெட்டுச் சுற்று வரை ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும், அப்புறம் திடீரென்று மேலே எரியும் டியூப் லைட் முனையில் கோடாகத் தெரியும். கடைசியில் பழைய நைலான் சாக்ஸால் லேசாகத் தேய்த்து முடிக்கலாம்.

முனைக்கும் குதிகாலுக்கும் மட்டும்தான் இது. விரல் மடங்கும் இடத்தில் அத்தனை மெழுகு ஏற்றினால் நாலு அடி வைத்ததும் உடைந்து வெள்ளை வெள்ளையாக உதிரும்.

பாலிஷ் டப்பா வருவதற்கு முன்னால் மக்கள் என்ன போட்டார்கள்?

இன்று 'வினோதமான வீட்டுப் பொருள்' என்று நாம் சொல்வதெல்லாம் அன்று கடைச் சரக்கு. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் 'பிளாக்கிங்' என்ற கறுப்புக் கலவை ஜாடிகளில் விற்றது. அதில் இருந்தவை எலும்புக் கரி, சர்க்கரைப் பாகுக் கசண்டு, வினிகர், எண்ணெய், கொஞ்சம் கந்தக அமிலம். பாகு காய்ந்து வரும் பளபளப்புதான் அதன் பளபளப்பு, வாழைப்பழத் தோல் கதைதான் அதுவும். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1824இல், 12 வயதில், தேம்ஸ் கரையிலிருந்த வாரன் பிளாக்கிங் கிடங்கில் அந்த ஜாடிகளுக்குக் காகிதம் கட்டி லேபிள் ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டார். அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போன காலம் அது. பிற்காலத்தில் பெரும் புகழ் வந்தபோதும் அந்த நாட்களைப் பற்றி அவர் வெளியில் பேசியதில்லை. ஒரு டப்பா பாலிஷைத் திறக்கும்போது அந்தப் பையனின் விரல்கள் எனக்கு நினைவுக்கு வரும்.

மெழுகு அடிப்படையிலான கிவி பாலிஷ் 1906இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வந்தது. வில்லியம் ராம்சே தன் மனைவி பிறந்த நியூசிலாந்தின் பறவையை அதற்குப் பெயராக வைத்தார்.

ஷாம்பெய்ன் பற்றியும் கேட்கிறார்கள். லண்டன் மைனர் போ பிரம்மல் தன் பூட்ஸை ஷாம்பெய்ன் நுரையால் மினுக்கச் சொன்னார் என்பது ஒரு பழைய கதை. பாரிஸின் பெர்லூட்டி ஷூக் கடைக்காரர்கள் நம் காலத்திலும் ஷாம்பெய்ன் தொட்டு மெருகேற்றிக் காட்டியிருக்கிறார்கள். மெழுகின் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த திரவம், அவ்வளவுதான் அதன் வேலை. குழாய்த் தண்ணீர் போதும்.

பற்பசை, சமையல் சோடா, எலுமிச்சை, சானிடைசர்?

நான்குமே தோலுக்கு எதிரி. பற்பசையில் இருப்பது நுண்ணிய அரைக்கும் பொடி, அது நிறத்தையும் மேல்பூச்சையும் சுரண்டும். வெள்ளை ரப்பர் சோலுக்கு மட்டும் பற்பசையைப் பயன்படுத்துங்கள், அருமையாக வெளுக்கும். தோல் இயல்பாகவே லேசான அமிலத் தன்மை கொண்டது, சோடாவும் துணி சோப்பும் காரம், போட்டால் வறண்டு விறைத்துப்போகும். எலுமிச்சை எதிர்ப்பக்கம், அமிலம் அதிகம். சானிடைசரும் நகப்பூச்சு அழிப்பானும் நிறத்தோடு சேர்த்துப் பூச்சையே கரைத்துவிடும்.

மழைக்காலத்தில் ஷூவில் பூசணம் பூத்துவிட்டது. வினிகரால் துடைக்கலாமா?

துடைக்கலாம், ஆனால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து. முதலில் வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் காய்ந்த துணியால் பூசணத்தைத் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் அது மற்ற ஷூக்களுக்கும் பரவும். பிறகு வினிகர்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை, உள்பக்கமும் நாக்குக்கு அடியிலும் சேர்த்து. உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். கடற்கரையில் நனைந்து உப்புப் பூத்த ஷூவுக்கும் இதே வைத்தியம்தான்.

வெயிலில் காய வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் வேண்டாம். நனைந்த தோலில் சூடு ஏறினால் நார் சுருங்கும், சுருங்கியது திரும்பாது.

பிள்ளையின் பள்ளி ஷூவில் எதைப் போட்டாலும் பளபளப்பு வரவில்லையே?

அது தோலே இல்லாமல் இருக்கலாம். வெட்டிய ஓரத்தையோ நாக்கின் பின்பக்கத்தையோ பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல், துணி நெய்தது தெரிந்தால் ரெக்சின் வகை. ரெக்சினில் எண்ணெய், பூ, பழத்தோல் எதுவும் ஊறாது. ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் துளி வாசலின். பி.டி. பீரியடுக்கு முன்னால் வெள்ளை கேன்வாஸ் ஷூவில் சாக்பீஸ் தேய்ப்பது வேறு கலை, அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மெல்லிய மயிர் போன்ற ஸ்வேட் தோல் ஷூவுக்கு?

மேலே சொன்ன எதையும் போடாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ், பென்சில் ரப்பர், இரண்டும் போதும்.

வீட்டிலேயே நல்ல பாலிஷ் செய்ய முடியுமா?

முடியும், கடைப் பாலிஷுக்குப் பக்கத்தில் வரும். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கேட்டால் கொடுப்பார்கள், பித்தவெடிப்புக் களிம்புக்கு வாங்குவதும் அதுதான். 20 கிராம் மெழுகைத் துருவி, 50 மில்லி விளக்கெண்ணெயோடு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிக்கும் தண்ணீருள்ள பாத்திரத்துக்குள் வையுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், நேரடித் தீ தேவையில்லை. கறுப்பு வேண்டுமானால் விளக்குக் கரியை நைசாக வடிகட்டிச் சேர்த்துக் கிளறிக்கொண்டே ஆறவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் இளகி ஒழுகினால் அடுத்த தடவை மெழுகை 25 கிராமாக்குங்கள். பூசி, கால்மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். எண்ணெய் இருப்பதால் தோல் கொஞ்சம் கறுக்கும், வெளிர் நிறத்துக்கு வேண்டாம்.

எதைப் போடுவதானாலும் முதலில் நாக்கின் அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு பொட்டு வைத்து, மறுநாள் பார்த்துவிட்டுப் போடுங்கள். என் பழுப்பு ஷூவுக்கு நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

அந்தக் காய்ந்து வெடித்த டப்பாவை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். கரைப்பான்தான் ஆவியாகிப் போயிருக்கிறது, மெழுகும் நிறமும் அப்படியே இருக்கின்றன. பெயின்ட் கடையில் சின்ன பாட்டில் டர்பன்டைன் கிடைக்கும். வெடிப்புகளில் ஐந்தாறு சொட்டு விட்டு, மூடியை லேசாக மூடி, அடுப்பை அணைத்த பிறகு சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் டப்பாவை மிதக்க விடுங்கள். தீ எரியும்போது பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, டர்பன்டைன் குப்பென்று பற்றும். கால்மணி நேரத்தில் பாளங்கள் இளகி ஒன்றோடொன்று சேரும். ஒரு குச்சியால் கலக்கி, இறுக்கமாக மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் திறந்தால் புது டப்பா போல மேல்பரப்பு வழுவழுவென்று இருக்கும்.